தெருவில் குப்பைத் தொட்டி இல்லை, குப்பையும் இல்லை: டோக்கியோவுக்கு முதன்முறை செல்வோர் வியப்பது ஏன்?

டோக்கியோ: ஜப்பான் தலைநகரில் முதன்முறையாக வந்திறங்கும் பயணிக்கு முதல் சிக்கல் பெரும்பாலும் மொழியால் வருவதில்லை, கையில் இருக்கும் காலித் தண்ணீர் பாட்டிலால் வருகிறது. ரயில் நிலையம், நடைபாதை, பூங்கா என எங்கு தேடினாலும் அதைப் போடுவதற்கு ஒரு தொட்டி எளிதில் கண்ணில் படாது. ஆனால் சுமார் 1.4 கோடி பேர் வாழும் அந்த மாநகரின் தரையில் ஒரு காகிதத் துண்டைக் காண்பதும் அரிது.

2024ஆம் ஆண்டில் ஜப்பானுக்கு 3.68 கோடிக்கும் அதிகமான வெளிநாட்டினர் வருகை தந்தனர். இது அந்நாடு அதுவரை காணாத எண்ணிக்கை. இவர்களில் இந்தியர்கள் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர். அதே ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு டாலருக்குச் சுமார் 160 யென் என்ற அளவுக்கு அந்நாட்டு நாணயத்தின் மதிப்பு சரிந்திருந்ததும் இதற்கு ஒரு காரணம். நாடு திரும்பும் பயணிகள் தூய்மையையும் அமைதியையும் நேர்மையையும் ஜப்பானியர்களின் பிறவிக் குணம் என்று வியந்து பேசுவது வழக்கம். ஆனால், அவர்கள் வியக்கும் காட்சிகள் பலவற்றின் பின்னால் ஒரு சட்டமோ, பள்ளியில் தொடங்கும் பயிற்சியோ இருக்கிறது. குப்பைத் தொட்டிகள் மறைந்ததன் பின்னால் இருப்பது ஒரு பெருந்துயரம்.

தொட்டிகள் மறைந்த கதை

1995 மார்ச் 20, திங்கள்கிழமை. அலுவலகம் செல்வோர் நெருக்கியடித்துப் பயணம் செய்யும் காலை நேரத்தில், ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக்குழுவைச் சேர்ந்தவர்கள் டோக்கியோ சுரங்க ரயில்கள் ஐந்தில் சாரின் என்னும் நச்சுப்பொருளைப் பரவவிட்டனர். செய்தித்தாளில் சுற்றிய நெகிழிப் பைகளில் நச்சுத் திரவத்தை வைத்து, கூர்தீட்டிய குடை முனையால் அவற்றைக் குத்திவிட்டு இறங்கிச் சென்றனர். அரசு அலுவலகங்கள் சூழ்ந்த கசுமிகசெகி நிலையத்தைக் கடந்து செல்லும் வழித்தடங்களே அவர்களின் இலக்கு. இந்தத் தாக்குதலில் 14 பேர் உயிரிழந்தனர், ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். அவர்களில் 14ஆவது நபர், 25 ஆண்டுகள் படுக்கையிலேயே கிடந்து 2020இல் இறந்த ஒரு பெண். குழுத் தலைவர் ஷோகோ அசஹாரா 2018 ஜூலையில் தூக்கிலிடப்பட்டார்.

ஆபத்தான பொருளை மறைத்துவைக்க ஏற்ற இடம் என்ற அச்சத்தால், அந்தத் தாக்குதலுக்குப் பின் பொது இடங்களிலிருந்து குப்பைத் தொட்டிகள் அகற்றப்படத் தொடங்கின. 2004இல் ஸ்பெயினின் மாட்ரிட் நகரில் ரயில்களில் குண்டுகள் வெடித்தபோது இந்த எச்சரிக்கை மேலும் கூடியது. அகற்றப்பட்ட தொட்டிகளில் பெரும்பாலானவை திரும்பி வரவே இல்லை.

அப்படியானால் குப்பை எங்கே போகிறது? வீட்டுக்கு. கைப்பையில் சிறிய உறை ஒன்றை வைத்துக்கொண்டு, வெளியில் சேரும் குப்பையை அதில் இட்டு வீட்டுக்கு எடுத்துச் செல்வது நகரவாசிகளின் வழக்கம். வேலை அங்கேதான் தொடங்குகிறது. எரியக்கூடியவை, எரிக்க முடியாதவை, கண்ணாடி, தகரக் குவளைகள், காகிதம் எனத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலின் மூடியையும் அதன்மேல் ஒட்டிய தாளையும் கழற்றிவிட வேண்டும். ஒவ்வொரு வகைக்கும் வாரத்தில் தனி நாள் உண்டு. குறித்த நாளில் காலையிலேயே குறித்த இடத்தில் பையை வைத்து, காகங்கள் கிழிக்காதிருக்க வலை போர்த்த வேண்டும். தவறான நாளில் வைத்த பை எடுக்கப்படாது. காரணம் எழுதிய தாள் ஒட்டப்பட்டு அங்கேயே கிடக்கும். அக்கம்பக்கத்தார் பார்வையில் அந்தப் பை கிடப்பதே ஒரு தண்டனைதான்.

இந்தப் பழக்கம் பள்ளியிலேயே தொடங்கிவிடுகிறது. தொடக்கப் பள்ளி மாணவர்கள் வகுப்பறையையும் நடைகூடத்தையும் தாங்களே பெருக்கித் துடைக்கின்றனர். எனினும், பயிற்சி மட்டுமே போதும் என்று நிர்வாகமும் நம்பிவிடவில்லை. தெருவில் புகைபிடிப்பதைத் தடுக்க டோக்கியோவின் சியோடா வட்டாரம் 2002ஆம் ஆண்டிலேயே அபராதம் விதிக்கத் தொடங்கியது.

இவ்வளவு நுணுக்கமான ஏற்பாடு முழுவதும் உள்ளூரில் வீடு உள்ளவர்களுக்காக அமைந்தது. தெருவில் தின்பண்டம் வாங்கி உண்ணும் பயணிக்கு வீடு பல ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. வெளிநாட்டுப் பயணிகள் சந்திக்கும் சிரமங்கள் குறித்து ஜப்பான் சுற்றுலா முகமை நடத்தும் ஆய்வுகளில் குப்பைத் தொட்டி இல்லாமை முன்னணியில் இடம்பெறுவதில் வியப்பில்லை. தானியங்கி விற்பனை இயந்திரங்களின் அருகே காணப்படும் தொட்டிகள் பாட்டிலுக்கும் தகரக் குவளைக்கும் மட்டுமே உரியவை. மற்றவற்றைத் தங்கும் விடுதி அறைக்கு எடுத்துச் செல்வதே வழி.

தொலைந்த பணப்பை திரும்புவது எப்படி?

டோக்கியோவில் தொலைத்த பணப்பை பணத்தோடு திரும்பக் கிடைத்த கதை, பயணிகள் அதிகம் சொல்வது. கதை பெரும்பாலும் உண்மையே. 2023இல் மட்டும் டோக்கியோ காவல்துறையிடம் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் ஒப்படைக்கப்பட்டன. ஒப்படைக்கப்பட்ட ரொக்கம் 400 கோடி யென்னைத் தாண்டியது.

இதற்குத் துணையாக நிற்பது தொலைந்த பொருட்களுக்கென்றே உள்ள தனிச் சட்டம். கண்டெடுத்தவர் பொதுவாக ஏழு நாட்களுக்குள் பொருளை ஒப்படைத்தால், அதன் மதிப்பில் 5 முதல் 20 சதவீதம் வரை உரிமையாளரிடம் வெகுமதி கோரலாம். மூன்று மாதங்களுக்குள் உரிமையாளர் தெரியவராவிட்டால், சில வகைப் பொருட்கள் நீங்கலாக, அது கண்டெடுத்தவருக்கே சொந்தமாகும். மாறாக, எடுத்ததைத் தானே வைத்துக்கொள்வது சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

ஒப்படைக்கும் இடமும் தொலைவில் இல்லை. கோபான் எனப்படும் சிறிய காவல் சாவடிகள் நகரமெங்கும் உள்ளன. 1874இல் டோக்கியோவில் தொடங்கிய ஏற்பாடு இது. பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே இல்லாமல், பகுதி எண்ணும் கட்டட எண்ணும் மட்டுமே முகவரியாக உள்ள அந்நகரில், வழி கேட்போருக்கு வரைபடத்தை விரித்துக் காட்டுவதும் இங்குள்ள காவலரின் அன்றாடப் பணி. பொருளைத் தொலைத்த பயணி முதலில் நாட வேண்டியதும் இந்தச் சாவடியையே.

அமைதியான பெட்டியின் மறுபக்கம்

கூட்டம் நிறைந்த ரயிலிலும் எவரும் கைபேசியில் உரக்கப் பேசுவதில்லை. கைபேசியை ஒலியடக்கி வைக்குமாறும் பேசுவதைத் தவிர்க்குமாறும் ஒலிபெருக்கி அடிக்கடி நினைவூட்டுகிறது. முதன்முறை செல்பவரைக் கவரும் அமைதி இது. ஆனால் அதே நிலையத்தின் நடைமேடையில், காலை நெரிசல் நேரத்தில் பெண்களுக்கு மட்டுமான பெட்டி நிற்கும் இடத்தைக் காட்டும் குறியீட்டையும் அவர் பார்க்கலாம். நெரிசலைப் பயன்படுத்திப் பெண்களிடம் அத்துமீறுவோரின் தொல்லையால் 2000களின் தொடக்கத்திலிருந்து பரவலான ஏற்பாடு அது. பாதிக்கப்படும் பெண் வாய்திறந்து கத்தத் தயங்குவார் என்பதால், டோக்கியோ காவல்துறையின் ‘டிஜி போலீஸ்’ செயலியில் அவருக்குப் பதிலாகக் கைபேசியே உரத்துக் குரல் எழுப்பும் வசதி சேர்க்கப்பட்டுள்ளது. ரயில் பெட்டியின் அமைதியைப் புகழ்வோர் இந்தத் தயக்கத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நகரும் படிக்கட்டில் டோக்கியோவாசிகள் இடப்புறம் ஒதுங்கி நின்று, விரைந்து ஏறுவோருக்கு வலப்புறத்தை விடுகின்றனர். ஒசாகாவில் இது தலைகீழ். எழுதப்படாத இந்த விதியைப் பயணிகள் ரசித்தாலும், விபத்துக்கு வழிவகுப்பதாகக் கருதி அதிகாரிகள் மாற்ற முயல்கின்றனர். படிக்கட்டில் நடக்காமல் நின்றே செல்ல வேண்டும் என 2021இல் சைதாமா மாகாணமும் 2023இல் நகோயா நகரமும் விதி கொண்டுவந்தன.

மாலையில் ஒலிக்கும் இசை

முதுகில் கனத்த தோல் பையுடன் ஆறேழு வயதுச் சிறுவர்கள் பெற்றோர் துணையின்றிப் பள்ளி செல்வது இந்தியப் பெற்றோரைத் திகைக்க வைக்கும் காட்சி. அவர்கள் முற்றிலும் தனியாக விடப்படுவதில்லை. பல பைகளில் ஆபத்து நேரத்தில் ஒலியெழுப்பும் கருவி தொங்குகிறது. வழியில் உள்ள சில வீடுகளும் கடைகளும், குழந்தைகள் அடைக்கலம் தேடி வரலாம் என்ற அறிவிப்பை வாசலில் ஒட்டியிருக்கின்றன.

மாலை 5 மணியளவில் பல வட்டாரங்களில் ஒலிபெருக்கிகளிலிருந்து ஒரு மெல்லிசை எழுகிறது. பல இடங்களில் அது ‘யூயாகே கோயாகே’ என்ற சிறுவர் பாடலின் மெட்டு. விளையாடும் பிள்ளைகள் வீடு திரும்புவதற்கான அழைப்பு என்றே பலரும் அதை அறிவர். அதன் மற்றொரு பயன், பேரிடர் அறிவிப்புக் கருவிகள் பழுதின்றி இயங்குகின்றனவா என்பதை நாள்தோறும் சோதிப்பது. நிலநடுக்கமோ வெள்ளமோ நேர்ந்தால் எச்சரிக்கை அதே ஒலிபெருக்கிகளில்தான் வரும், பெரும்பாலும் ஜப்பானிய மொழியில். அது புரியாத பயணிகளுக்காக, ஜப்பான் சுற்றுலா முகமையின் மேற்பார்வையில் ‘சேஃப்டி டிப்ஸ்’ என்ற செயலி ஆங்கிலம் உள்ளிட்ட பல மொழிகளில் எச்சரிக்கைகளை இலவசமாக வழங்குகிறது. புறப்படும் முன்பே அதைக் கைபேசியில் பதிவிறக்கிக்கொள்வது நல்லது.