தனிவழி நடப்போர்க்குத் துணை

ஆடி மாதத்து நள்ளிரவு. கொங்கணக் கடற்கரையில் மழை விடாது பெய்கிறது. வண்டிக்குள்ளே நாம் போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு உறங்குகிறோம். அதே வேளையில், நம் வண்டிக்கு முன்னே எங்கோ ஒரு மலைச்சரிவின் ஓரத்தில், கையில் விளக்கும் தோளில் பையுமாக ஒருவர் தனியே நடந்து செல்கிறார். பாறை உருண்டு கிடக்கிறதா, மண் சரிந்துள்ளதா, தண்டவாளத்தின் அடியை நீர் அரித்துவிட்டதா என்று பார்ப்பதே அவர் பணி. அவர் நம்மைக் காக்கிறார். அவரைக் காப்பவர் யார்? இக்கேள்வியை அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

ரோகா முதல் மங்களூரை அடுத்த தோக்கூர் வரை ஏறத்தாழ 740 கிலோமீட்டர் செல்லும் கொங்கண் இருப்புப்பாதை, 1998ஆம் ஆண்டு சனவரியில் முழுமையாகத் திறக்கப்பெற்றது. குஜராத்திலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் வண்டிகளும் இவ்வழியே ஓடுவதால், நம்மவர் பலருக்கு இது பழகிய பாதையே. 2003 ஜூன் 22ஆம் நாள் இரவு, வைபவ்வாடி அருகே சரிந்து கிடந்த பாறைகளில் மோதி ஒரு வண்டி தடம் புரண்டது; ஏறத்தாழ 50 பேர் மாண்டனர். மழைக்காலத்தில் பாதையை நடந்து பார்க்கும் பாட்ரோல் ஆளின் அருமை அத்தகைய நாளில்தான் உலகுக்குத் தெரிகிறது.

அவருடைய பழைய கருவிகளைச் சிறிது பார்ப்போம். விசில், கொடிகள், மூவண்ண விளக்கு, இவற்றோடு தண்டவாளத்தில் கட்டும் வெடிகளும் உண்டு. பேச்சு வழக்கில் இவற்றைப் பட்டாசு என்பர். 1841ஆம் ஆண்டில் கூப்பர் என்னும் ஆங்கிலேயர் கண்டுபிடித்தது இது. அகலப்பாதையில் இடர் நேர்ந்த இடத்திற்கு 600 மீட்டர் முன்னே ஒன்றும், 1200 மீட்டர் முன்னே மூன்றும் வைக்கவேண்டும் என்பது விதி. சக்கரம் ஏறியதும் அவை வெடிக்க, ஓட்டுநர் வண்டியை நிறுத்துவார். ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். இக்கருவிகள் யாவும் வண்டிக்குச் செய்தி சொல்லுவன. நடப்பவரே வழுக்கி விழுந்தாலோ, அவரைப் பாம்பு தீண்டினாலோ, அதனை எவருக்கும் சொல்லும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை.

இக்குறையை நிரப்பியது கருவியன்று, ஒரு பழைய விதி. பாட்ரோல் ஆள் குறித்த நேரத்தில் வந்து சேராவிடில், பாதையில் ஏதோ தீங்கு நேர்ந்தது என்றே நிலைய அதிகாரி கொள்ளவேண்டும். வண்டிகளை நிறுத்தி, ஓட்டுநரை எச்சரித்த பின்னரே மெதுவாக விடவேண்டும். அவர் வாராமையே ஒரு செய்தி என்று கருதிய அறிவை என்னென்பது!

இன்று புதிய துணைகள் பல வந்துள்ளன. கொங்கண் பாதையில் சராசரி ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றாக அவசரத் தொலைபேசி இணைப்புகள் அமைந்துள்ளன. காவல் செய்வோர்க்குக் கைப்பேசி தரப்பட்டுள்ளது. நாட்டின் பிற பாதைகளிலும், நடப்பவர் எங்கிருக்கிறார் என்பதைச் செயற்கைக்கோள் வழியே காட்டும் ஜி.பி.எஸ். கருவிகள் வழங்கப்படுகின்றன. தண்டவாள இணைப்புகளைச் சரிபார்க்கும் கீமேன் போன்றோர்க்கு 'ரக்‌ஷக்' என்ற கருவியும் சில இடங்களில் உண்டு. வண்டி நெருங்குவதை அது ஒலியாலும் ஒளியாலும் அதிர்வாலும் உணர்த்தும். காற்றிலும் மழையிலும் காதுக்கு எட்டாததை உடல் உணருமன்றோ?

இக்கருவிகளில் எமக்கும் ஒரு பங்கு உண்டு. அது பெருமைக்குரிய பங்கன்று. சில ஆண்டுகளுக்கு முன் நாம் எழுத்தராகப் பணிபுரிந்த ஓர் அலுவலகத்தில் இத்தகைய கருவிகள் வந்து இறங்கின. அவற்றில் ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்தினால் முன்பே பதிந்து வைத்த எண்களுக்கு அழைப்புச் செல்லும். அவ்வெண்களின் பட்டியலைத் தயாரித்தவர் நாமே. அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் ஓரிரவு, ஒரு பாட்ரோல் ஆள் சிறு பாலத்தருகே வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டார். பொத்தானை அழுத்தினார்; மீண்டும் மீண்டும் அழுத்தினார். முதல் எண், மாற்றலாகி வேறு ஊர் சென்றுவிட்ட மேற்பார்வையாளருடையது. இரண்டாவது, இரவில் பூட்டிக் கிடக்கும் எம் அலுவலகத் தொலைபேசி.

அவரை மீட்டது அந்தப் பழைய விதியே. நேரம் கடந்தும் ஆள் வரவில்லை என்று கண்ட நிலைய அதிகாரி, வண்டியை நிறுத்தி இருவரை அனுப்பினார். மேற்பார்வையாளரின் மாற்றல் உத்தரவு எம் மேசை வழியாகத்தான் சென்றது. ஊதியப் பட்டியலில் அவர் பெயரை அன்றே நீக்கினோம். பொத்தானின் பட்டியலை நினைக்கவில்லை. மருத்துவமனையில் அம்மனிதர் எம்மைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. பொத்தானை இன்னும் அழுத்தமாக அழுத்தியிருக்க வேண்டுமோ என்றுதான் கேட்டார். அக்கேள்வி இன்றும் எம் நெஞ்சை விட்டு அகலவில்லை. அதன்பின் மாதந்தோறும் முதல் நாள் இரவு ஒவ்வோர் எண்ணையும் அழைத்துப் பார்ப்பதை வழக்கமாக்கினோம்.

இக்கருவி தம்மை வேவு பார்க்கவே வந்தது என்று தொழிலாளர் சிலர் மனங்கசந்ததும் உண்டு. அக்கசப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. நின்றால் ஏன் நின்றாய் என்று மறுநாள் விளக்கம் கேட்கும் கருவி ஒற்றன்; நின்றால் என்ன ஆயிற்றோ என்று அப்பொழுதே பதைத்து ஆள் அனுப்பும் கருவி தோழன். இரும்பும் கம்பியும் இரண்டிலும் ஒன்றே. மறுமுனையில் இருப்பவர் மனமே வேறு.

அன்பர்களே, இஃது இருப்புப்பாதைக் கதை மட்டுமன்று. ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் நம் குடும்பங்களில், கிடங்கில் தனித்து இரவுக்காவல் புரிவோர் உளர். மின்தூக்கி பழுது பார்ப்போர் உளர். பிறர் இல்லத்தில் தங்கி நோயாளியைப் பேணும் பெண்டிரும் உளர். கைப்பேசி எல்லோரிடமும் இருக்கிறது. அது போதும் என்று இருந்துவிடுகிறோம். மூன்று ஏற்பாடுகளை இன்றே செய்து கொள்ளுங்கள். எந்நேரத்தில் அழைப்பு வரவேண்டும் என்பதை வரையறுங்கள். வராவிடில் எத்துணை நேரம் பொறுப்பது என்பதையும் முடிவு செய்யுங்கள். அதற்குமேல் யார் எழுந்து நேரில் போவது என்பதைப் பெயர் சொல்லித் தீர்மானியுங்கள். சுற்றம் தொலைவில் இருப்போர்க்கு அந்தப் பெயர் அண்டை வீட்டாருடையதாகவோ, நம் சங்கத்து உறுப்பினருடையதாகவோ இருக்கலாம்.

தனிமரம் தோப்பாகாது என்பர் முன்னோர். தனியே நடப்பவர் பின்னால் ஒருவர் விழித்திருப்பாராயின், அவர் தனியர் ஆகார். இன்றிரவே உங்கள் பட்டியலில் உள்ள எண்களை ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.