ஒரே காற்று: சலாலாவில் மலை, பாலைவனம், கடல் பார்த்த ஒரு நாள்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

போன எபிசோட் முழுக்க டேட்டாபேஸ் பற்றிப் பேசி உங்களைக் களைப்பாக்கிட்டேன். இன்னைக்கு லேப்டாப்பை மூடி வச்சுட்டு ஓமான் வரைக்கும் போயிட்டு வரலாம். ஓமானோட தெற்கு மூலை, தோஃபார் பகுதி, சலாலா நகரம். போன ஆகஸ்ட்ல அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். டிரைவரோட ஒரு காரை ஒரு முழு நாளைக்கு எங்களுக்கு மட்டும்னு பேசி எடுத்தோம்.

"ஆகஸ்ட்ல அரபு நாட்டுக்கா? வெந்து போயிடுவீங்க"ன்னு ஆபீஸ்ல சிரிச்சாங்க. மஸ்கட்ல அந்த மாசம் 40 டிகிரியைத் தொடறது சாதாரணம். சலாலாவுல நாங்க இறங்கினப்போ 27 டிகிரி. தூறல் வேற. அம்மா ஷாலை எடுத்துப் போர்த்திக்கிட்டாங்க.

அப்பாவுக்கு இந்த ஊர் புதுசு இல்ல. 2001-ல இருந்து 2012 வரைக்கும் இங்கேதான் கார் ஏசி மெக்கானிக்கா இருந்தார். பட்டறைகள் இருக்கிற பகுதியை அங்கே சனாயான்னு சொல்வாங்க. பட்டறை, ரூம், மெஸ், வெள்ளிக்கிழமை ஊருக்குப் போன். இந்த நாலுக்குள்ள 11 வருஷம். ஊருக்குப் பின்னாடியே நிக்கிற மலைக்கு ஒரு தடவைகூடப் போனதில்ல. ஏன்ப்பான்னு கேட்டேன். "சீசன்லதான்டா வண்டி வரும். துபாய், மஸ்கட்ல இருந்து ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டு வருவாங்க, வர்ற வழியில ஏசி போயிரும். எல்லாரும் மலை பார்க்க வர்ற மாசம்தான் எனக்கு லீவே கிடையாது" அப்படின்னார்.

அதனாலதான் இந்தப் பயணம். நான் போட்ட அட்டவணையில நாலு இடம் இருந்துச்சு. சுற்றி முடிச்சப்புறம்தான் புரிஞ்சது, நாலுக்கும் பின்னாடி இருந்தது ஒரே ஒரு காற்று. இன்னைக்கு அதைத்தான் விளக்கப் போறேன். அந்தக் காற்று புரிஞ்சா எப்போ போகணும், எதைப் பார்க்கணும், எங்கே தள்ளி நிக்கணும்னு எல்லாமே உங்களுக்குத் தானா தெரிஞ்சிடும்.

காற்று என்ன செய்யுது?

நம்ம ஊர்ல அதுக்குப் பேர் தென்மேற்குப் பருவக்காற்று. கேரளாவுல மழையைக் கொட்டுற அதே காற்று. சலாலாக்காரங்க அந்தப் பருவத்தை கரீஃப்னு சொல்றாங்க. ஜூன் 21-ல இருந்து செப்டம்பர் 20 வரைக்கும்னு கணக்கு.

இந்தக் காற்று தோஃபார் கரையை நேரா வந்து மோதறதில்ல. கரையை ஒட்டியே வீசுது. அப்படி வீசும்போது, பூமியோட சுழற்சியும் சேர்ந்து, கடலோட மேல்மட்டத் தண்ணி கரையை விட்டு விலகிப் போகுது. விலகின இடத்தை நிரப்ப ஆழத்துல இருந்து குளிர்ந்த தண்ணி மேலே வருது. அந்தக் குளிர்ந்த தண்ணிமேல கடந்து வர்ற ஈரக்காற்றும் குளிர்ந்து மூடுபனியா மாறுது. கரைக்குப் பின்னாடி அரை வட்டமா மலைத்தொடர் நிக்குது. மேற்கே ஜபல் கமர், நடுவில் ஜபல் காரா, கிழக்கே ஜபல் சம்ஹான். மூடுபனி அதுல போய்த் தேங்குது.

அப்போ ஏன் கேரளா மாதிரி கொட்டலை? இங்கேதான் ரெண்டாவது விஷயம் வருது. பின்னாடி பாலைவனம் இருக்கு. அங்கிருந்து வர்ற வெந்த, வறண்ட காற்று இந்தக் குளிர்ந்த காற்றுக்கு மேலே ஒரு மூடி மாதிரி உட்கார்ந்துக்குது. மேகம் மேலே வளர முடியலை. வளராத மேகம் பெரிய மழை தராது, தூறல்தான் தரும். சலாலாவுல ஒரு வருஷத்து மழையே சராசரியா சுமார் 100 மில்லிமீட்டர்தான். சென்னையில ஒரு நல்ல மழை ராத்திரியில பெய்யற அளவு. ஆனாலும் மலை பச்சையா இருக்குன்னா, அங்கே இருக்கிற மரங்களோட இலையும் கிளையும் மூடுபனியில இருக்கிற ஈரத்தைப் பிடிச்சுச் சொட்டுச் சொட்டா மண்ணுக்கு இறக்குது. மழையில நனையற காடு இல்ல இது, மூடுபனியைக் குடிக்கிற காடு.

முதல் இடம்: மூடுபனி முடியற கோடு

காலையில ஏழு மணிக்குக் கிளம்பினோம். டிரைவர் அந்த மலைக்காரர். வீட்டில் ஜிப்பாலி மொழி, வெளியே அரபி, எங்ககிட்ட கொஞ்சம் இந்தி. அப்பா முன் சீட்ல உட்கார்ந்து பட்டறை அரபியில பேச ஆரம்பிச்சார். பதினஞ்சு நிமிஷத்துல ரெண்டு பேரும் லேண்ட் குரூஸரோட பழைய மாடல்களைப் பற்றிச் சண்டை போடற அளவுக்கு நெருங்கிட்டாங்க.

வடக்கே, தும்ரைத் போற சாலையில மலை ஏறினோம். எதிர்ல வர்ற வண்டியோட விளக்கு மட்டும்தான் தெரியுது. ரெண்டு பக்கமும் பச்சை, மாடுகள், குடும்பம் குடும்பமா பாய் விரிச்சு உட்கார்ந்து டீ குடிக்கிற ஜனம். உச்சியைத் தாண்டினோம். சில நிமிஷம்தான், யாரோ போர்வையை உருவின மாதிரி மூடுபனி போயிடுச்சு. சுள்ளுன்னு வெயில், பழுப்பு நிறக் கல், ஒரு புல்கூட இல்ல. நான் சொன்ன அந்த 'மூடி'க்கு வெளியே வந்துட்டோம். புத்தகத்துல நாலு பக்கம் படிச்சாலும் இவ்வளவு தெளிவா புரியாது.

சலாலாவுல இருந்து சுமார் 40 கிலோமீட்டர்ல வாதி தவ்கா. வாதின்னா மழை பெய்ஞ்சா மட்டும் ஓடற காட்டாற்றுப் படுகை. இங்கே இருக்கிறது குந்திரிக்க மரங்கள். கிறிஸ்தவ தேவாலயங்கள்ல புகையற அந்தப் பிசின். அரபியில லுபான். நம்ம ஊர்க் கடையில சாம்பிராணின்னு விக்கிறது பெரும்பாலும் வேற மரத்துப் பிசின், குழப்பிக்க வேண்டாம். மரம் பார்க்க ஒண்ணும் பெருசா இல்ல. அடியிலயே பிரியற கிளைகள், காகிதம் மாதிரி உரியற பட்டை. பட்டையைச் சீவினா பால் கசியும். ரெண்டு வாரம் போல விட்டா கெட்டியாகும். முதல் தடவை வர்றது மட்டம். திரும்பத் திரும்பச் சீவினப்புறம்தான் நல்ல பிசின் வரும்.

ஒரு விஷயத்தைக் கவனிங்க. இந்த மரம் மூடுபனி விழற பச்சை மலையில வளரறதில்ல. பனியோட ஈரக்காற்று லேசா எட்டற, ஆனா பனி நனைக்காத இந்த வறண்ட பின்பக்கத்துலதான் நல்லா வளருது. மலையை இந்தப் பக்கம் பச்சையாக்கின அதே காற்றுதான், அந்தப் பக்கம் உலகமே தேடி வந்த பிசினுக்கு இடம் பண்ணிக் கொடுத்திருக்கு.

ரெண்டாவது இடம்: முக்ஸைல்

திரும்ப மலை இறங்கி, மேற்கே முக்ஸைல் கடற்கரை. சலாலாவுல இருந்து 40 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அங்கே மர்னீஃப் குகைக்குப் பக்கத்துல சுண்ணாம்புப் பாறையில துளைகள் இருக்கு. பாறைக்கு அடியில கடல் குடைஞ்சு வச்சிருக்கு. அலை உள்ளே புகும்போது காற்று நசுங்கி, தண்ணியோட சேர்ந்து துளை வழியா மேலே பீறிடும். கரீஃப்ல அது ஆள் உயரத்தை விடப் பல மடங்கு எழும்பும். அதுக்கு முன்னாடி ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம் வரும்.

அந்தச் சத்தம் எனக்கு வேணும். இந்த எபிசோட் ஆரம்பத்துல உங்களுக்குக் கேட்க வைக்கணும்னு கையில ரெக்கார்டர் வச்சிருந்தேன். தடுப்புக்கு இந்தப் பக்கம் ஜனங்க பேச்சு இரைச்சல். அந்தப் பக்கம் பத்தடி தள்ளி ஒரு தட்டையான பாறை, காய்ஞ்சு கிடந்துச்சு. பத்து நிமிஷம் நின்னு கவனிச்சேன். ஒரு அலைகூட அந்தப் பாறையைத் தொடலை. சரி, போகலாம்னு காலைத் தூக்கினேன்.

டிரைவர் என் சட்டைக் காலரைப் பிடிச்சு இழுத்தார். என்கிட்ட ஒண்ணும் பேசலை, அப்பாகிட்ட அரபியில ஏதோ சொன்னார். அப்பா முகம் மாறிடுச்சு. "டேய், இங்கிட்டு வா" அவ்வளவுதான் சொன்னார். 2022 ஜூலையில இதே முக்ஸைல்ல தடுப்பைத் தாண்டி நின்னவங்களை அலை இழுத்துட்டுப் போச்சு. அதுல இந்தியக் குடும்பம் ஒண்ணு, குழந்தைகளும் உண்டு. அந்த வீடியோ நம்ம வாட்ஸ்அப் குரூப்கள்லகூட சுத்துச்சு. நானே பார்த்திருக்கேன். பார்த்திருந்தும் காலைத் தூக்கினேன்.

நான் செஞ்ச தப்பு என்னன்னு அப்புறம் யோசிச்சேன். பத்து நிமிஷ டேட்டாவை வச்சு முடிவெடுத்தேன். கடல்ல ஒரே சீரான அலை வரிசை கிடையாது. திறந்த கடல்ல பருவக்காற்று எழுப்பின வேற வேற நீளமுள்ள அலைகள் ஒண்ணுமேல ஒண்ணு வருது. எப்பவாவது சில அலைகளோட உச்சி ஒரே நேரத்துல சேரும்போது, மத்ததை விட ரொம்பப் பெரிய அலை ஒண்ணு வரும். அது இருபதாவது நிமிஷமோ, நாற்பதாவது நிமிஷமோ, யாருக்குத் தெரியும்? ஆபீஸ்ல பத்து நிமிஷம் டெஸ்ட் பண்ணிட்டு "சர்வர் விழாது"ன்னு யாராவது சொன்னா நான் விடுவேனா? நாங்க கிளம்பறதுக்கு முன்னாடி அந்தப் பாறை நனைஞ்சுதான் இருந்துச்சு. எந்த அலை நனைச்சதுன்னு நான் பார்க்கலை. அதான் விஷயமே.

மூணாவது இடம்: கோர் ரோரி

சாப்பாட்டுக்கு சலாலா வந்துட்டு, கிழக்கே தாகா ஊரைத் தாண்டி கோர் ரோரி போனோம். கடல்நீர் ஏரி ஒண்ணு, அதுக்கு மேலே மேட்டுல கல் மதில். இதுதான் சும்ஹுரம். கி.மு. 3-ம் நூற்றாண்டு வாக்கில, ஹத்ரமவுத் அரசு குந்திரிக்கத்தை ஏத்தி அனுப்பறதுக்காகக் கட்டின துறைமுகம். கி.பி. 5-ம் நூற்றாண்டு வரைக்கும் இருந்துச்சு. முகத்துவாரத்துல மணல் சேர்ந்து மேடானதால இப்போ ஏரி மாதிரி கிடக்கு. வாதி தவ்காவையும் இதையும் சேர்த்து நாலு இடங்களை 2000-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தாங்க.

கரீஃப் மாசங்கள்ல அந்தக் கடல்ல படகு இறக்க முடியாது, அதை முக்ஸைல்ல பார்த்துட்டோம். காற்று திசை மாறினாத்தான் கப்பல். எரித்ரேயக் கடல் பெரிப்ளூஸ்னு கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதின ஒரு வணிகக் கையேடு இருக்கு. மோஸ்கா துறைமுகத்துல, அன்றைய தமிழகத்தின் மேற்குக் கரையில இருந்து வந்த கப்பல்கள் குளிர்காலத்தைக் கழிச்சுட்டு, துணி, தானியம், எண்ணெய் கொடுத்து குந்திரிக்கம் வாங்கிட்டுப் போச்சுன்னு அது சொல்லுது. அந்த மோஸ்கா இந்த இடம்தான்னு பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதறாங்க.

இத்தாலிய அகழாய்வுக் குழு இங்கே தோண்டினப்போ ஒரு பானை ஓடு கிடைச்சது. மூடியா பயன்படுத்தினது. அதுல தமிழ் பிராமி எழுத்துல 'ணந்தை கீரன்'னு பொறிச்சிருக்கு. கி.பி. முதல் நூற்றாண்டுன்னு கணிக்கிறாங்க. நான் மூச்சு வாங்க வாங்க விளக்கிட்டிருந்தேன், பருவக்காற்று, கடல் வணிகம், சங்க காலம்னு. அம்மா ஒரே வரியில முடிச்சுட்டாங்க: "பாத்திரத்துல பேர் வெட்டி வச்சிருக்கான்."

அப்பா சிரிக்கலை. மதில் மேல கை வச்சுட்டு ஏரியைப் பார்த்துட்டிருந்தார். "ரூம்ல எட்டுப் பேர். என் டிபன் மூடியில ஆணியால பேர் எழுதி வச்சிருந்தேன். இல்லைன்னா மாறிப் போயிரும்" அப்படின்னார். அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசலை. கீரனும் காற்று மாறுற வரைக்கும் ஊருக்குத் திரும்ப முடியாம இங்கே உட்கார்ந்திருப்பான்.

நாலாவது இடம்: வாதி தர்பாத்

கோர் ரோரிக்குத் தண்ணி கொண்டு வர்ற பள்ளத்தாக்குதான் வாதி தர்பாத். மலைக்குள்ள பச்சையா, அருவியும் குளமும் மேய்ற மாடுமா கிடக்கு. பெரிய பாறை முகப்புல விழற அருவி எல்லா வருஷமும் ஒரே மாதிரி ஓடாது. 2018 மே மாசம் மெகுனு புயல் வந்தப்போ அது வெள்ளமாவே கொட்டுச்சு. நாங்க போனப்போ நூல் மாதிரி. அதுவே போதும்னு அப்பா சொன்னார். செருப்பைக் கழட்டிட்டு ஈரப் புல்லுமேல நடந்தார். அரை மணி நேரம் ஒரு போட்டோகூட எடுக்க விடலை.

நீங்க போறதா இருந்தா

பச்சை பார்க்கணும்னா ஆகஸ்ட் தொடக்கத்துல இருந்து செப்டம்பர் நடு வரைக்கும். கடல்ல இறங்கிக் குளிக்கணும்னா நவம்பருக்கு அப்புறம். ரெண்டும் ஒரே பயணத்துல கிடைக்காது, ஏன்னு இப்போ உங்களுக்கே தெரியும்.

எங்களை மாதிரி எல்லாத்தையும் ஒரே நாள்ல அடைக்காதீங்க. கார்ல உட்கார்ந்திருந்த நேரமே அஞ்சு மணிக்கு மேல. வடக்கும் மேற்கும் ஒரு நாள், கிழக்கு ஒரு நாள்னு பிரிச்சுக்கோங்க. காரைப் பேசும்போது, எந்தெந்த இடம், எவ்வளவு நேரம் நிப்பாங்கன்னு எழுத்துல வாங்கிக்கோங்க. முடிஞ்சா அந்த மலைக்காரர் ஒருத்தரையே கேளுங்க. தடுப்பு இருந்தா தாண்டாதீங்க. காய்ஞ்ச பாறை எதையும் நிரூபிக்கறதில்ல.

திரும்பி வர்றப்போ இருட்டிடுச்சு. சனாயா வழியா போகச் சொன்னார் அப்பா. அவரோட பழைய பட்டறை இருந்த இடத்துல இப்போ டயர் கடை. வாசல்ல ஒரு பையன், துபாய் நம்பர் வண்டி ஒண்ணோட பானெட்டுக்குள்ள தலையை விட்டுட்டு நின்னான். அப்பா இறங்கிப் போய் ரெண்டு நிமிஷம் பேசிட்டு வந்தார். என்னப்பா சொன்னீங்கன்னு கேட்டேன்.

"மலைக்குப் போயிருக்கியான்னு கேட்டேன். இல்லைன்னான். ஒரு வெள்ளிக்கிழமை தூங்காம போயிட்டு வான்னேன்."

அந்த அலைச் சத்தம் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்துதான் பதிவானது. ஜனங்க பேச்சு இரைச்சலும் சேர்ந்தேதான் கேட்கும், பொறுத்துக்கோங்க. அடுத்த எபிசோட்ல மறுபடியும் டேட்டாபேஸ். அதுவரைக்கும், வணக்கம்.