குடல் சோதனை என்றால் பயமா?

மலத்தில் இரத்தம் இருப்பதாகச் சோதனை காட்டுகிறது. மருத்துவர் கொலோனோஸ்கோப்பி செய்யச் சொல்கிறார். அன்றிலிருந்து பலருக்குத் தூக்கம் வருவதில்லை. சிலர் தேதியைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வெட்கம் ஒரு காரணம்; ‘என்ன சொல்லப் போகிறார்களோ’ என்ற பயம் இன்னொன்று.

மலத்தில் இரத்தம் என்றாலே புற்றுநோய் என்று பொருளல்ல. மூலநோயாகவும் இருக்கலாம். பார்த்தால்தானே தெரியும்!

உண்மையில் சிரமம் முதல் நாள்தான். பேதி மருந்து குடித்துவிட்டுக் கழிவறைக்கு நடையாய் நடக்க வேண்டும். சோதனை பெரும்பாலும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். தூக்க மருந்து கொடுப்பதால் பலருக்கு எதுவும் நினைவிருப்பதில்லை.

குடலில் தோன்றும் சிறு சதைக்கட்டிகள் புற்றுநோயாக மாறப் பல ஆண்டுகள் ஆகும். அவற்றைச் சோதனையின்போதே அகற்றிவிடலாம். தள்ளிப் போடுவோர் இழப்பது இந்த வாய்ப்பைத்தான். சிங்கப்பூரில் 50 வயதைக் கடந்தவர்கள் ஆண்டுதோறும் மலச்சோதனை செய்துகொள்ளும்படி கூறப்படுவதும் இதற்காகவே.

சந்தேகங்களை எழுதிவைத்துத் தாதியிடம் கேளுங்கள். நீரிழிவுக்கோ இரத்தம் உறையாமலிருக்கவோ மருந்து சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். அன்று வாகனம் ஓட்டக்கூடாது. துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன கதையைக் கேட்டு மட்டும் தேதியை மாற்றாதீர்கள்.