புற்றுநோயிலிருந்து மீண்ட பிள்ளை: பின்னாளில் கவனிக்க வேண்டியவை

இடம்பெயரும்போது காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் மறக்காமல் எடுத்துக்கொள்கிறோம். புற்றுநோயிலிருந்து மீண்ட பிள்ளை இருக்கும் வீட்டில் இன்னொரு கடதாசியும் அதே அளவு முக்கியமானது. அது பிள்ளைக்குச் செய்யப்பட்ட வைத்தியத்தின் விபரம். ஏன் என்பதைப் பார்ப்போம்.

புற்றுநோய் வந்தால் பிள்ளை பிழைக்காது என்ற எண்ணம் எம்மவர் பலரிடம் இன்னும் உண்டு. பிள்ளைகளுக்கு அதிகமாக வருவது இரத்தப் புற்றுநோய். 1960ஆம் ஆண்டளவில் அது கண்ட பிள்ளைகளில் மிகச் சிலரே தப்பினர். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் புனித யூதா ததேயுவின் பெயரால் 1962இல் ஒரு சிறுவர் வைத்தியசாலை திறக்கப்பட்டது. அங்கே டொக்டர் டொனால்ட் பிங்கலும் அவரோடு பணியாற்றியோரும் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து, தலைக்குக் கதிர்ச் சிகிச்சையும் அளித்தனர். 1970ஆம் ஆண்டளவில் ஏறத்தாழப் பாதிப் பிள்ளைகள் சுகமடையும் நிலை வந்தது. இன்று வசதியுள்ள நாடுகளில் 10 பேரில் ஏறத்தாழ 9 பேர் சுகமடைகின்றனர்.

ஆனால் அப்பிள்ளைகள் வளர்ந்தபோது வேறொன்று தெரியவந்தது. தலைக்குக் கதிர் பெற்ற சிலர் போதிய உயரம் வளரவில்லை. சிலருக்குப் படிப்பு கடினமாயிற்று. சிலருக்குப் பல ஆண்டுகளின் பின் மூளையில் கட்டி வந்தது. ஆகவே இன்று இந்நோய்க்குத் தலைக்குக் கதிர் கொடுப்பது வெகுவாகக் குறைந்துள்ளது.

களைக்கு அடிக்கும் மருந்து சில வேளை பயிரையும் வாட்டுகிறது அல்லவா? இதுவும் அதுபோன்றதே. 2006இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சிறு வயதில் புற்றுநோயிலிருந்து மீண்ட 10,000க்கு மேற்பட்டோரில் 100க்கு 62 பேருக்கு ஏதோவொரு நீடித்த நோய் இருந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது கடுமையானதல்ல. நேரத்தோடு கண்டால் பலவற்றைக் கட்டுப்படுத்தலாம்.

கவனிக்க வேண்டியவை:

இதயம்: சிவப்பு நிறத் திரவமாக ஏற்றப்படும் டொக்சோரூபிசின் போன்ற மருந்துகள் பல ஆண்டுகளின் பின்னரும் இதயத்தைப் பலவீனப்படுத்தலாம். மூச்சு வாங்குதல், கால் வீக்கம் கண்டால் தாமதிக்க வேண்டாம். இம்மருந்து பெற்ற பெண் கருவுற்றால் முதல் கிளினிக்கிலேயே அதைச் சொல்ல வேண்டும்.

சிறுநீரகம்: ஒரு சிறுநீரகம் அகற்றப்பட்டவர் வயல் வேலையின்போது போதிய தண்ணீர் குடிக்க வேண்டும். உடம்பு நோவுக்குக் கடையில் தாமாக மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது. இரத்த அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும்.

காது: சிஸ்பிளாட்டின் என்ற மருந்து கேட்கும் சக்தியைக் குறைக்கலாம். வகுப்பில் பதில் சொல்லாத பிள்ளையைக் கண்டிக்குமுன் காதைச் சோதியுங்கள்.

கதிர் பட்ட இடம்: அங்கே புதிய கட்டி தோன்றினால் உடனே காட்டுங்கள். மார்பில் கதிர் பெற்ற பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை இளவயதிலேயே தொடங்க வேண்டும்.

புகைத்தலும் புகையிலை போட்டு வெற்றிலை மெல்லுதலும் இவர்களுக்கு அறவே வேண்டாம்.

இந்நோய் தொற்றாது. மீண்டவர்கள் திருமணம் செய்யலாம்; பலர் பிள்ளைகளைப் பெற்று வாழ்கின்றனர். பரம்பரையாக வரும் சில வகைகளைத் தவிர, அப்பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வரும் ஆபத்து மற்றப் பிள்ளைகளுக்கு இருப்பதை விட அதிகமில்லை. கண்ணில் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் தம் குழந்தை பிறந்தவுடனேயே அதன் கண்களை டொக்டரிடம் காட்ட வேண்டும்.

யாருக்கு எதைச் சோதிக்க வேண்டும் என்பதை டொக்டர் தீர்மானிப்பது அந்தக் கடதாசியைப் பார்த்தே. நோயின் பெயர், ஆண்டு, கொடுத்த மருந்துகளும் மொத்த அளவும், கதிர் பட்ட இடம், சத்திரசிகிச்சை ஆகியன அதில் இருக்க வேண்டும். பொலித்தீன் பையில் இட்டுக் காணி உறுதியோடு வையுங்கள். ஒரு பிரதியை உறவினரிடம் கொடுங்கள். தொலைபேசியிலும் படம் எடுத்து வையுங்கள். தொலைந்திருந்தால், வைத்தியம் செய்த வைத்தியசாலைக்கு எழுதிக் கேளுங்கள். நினைவில் உள்ள ஆண்டையும் வாட்டையும் மருந்துகளையும் இன்றே ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை கவலைப்படும் என்று நோயை மறைக்கும் பெற்றோர் உண்டு. அன்பினால்தான் மறைக்கிறார்கள். ஆயினும் நாளை தனியே டொக்டர் முன் நிற்கப்போவது அந்தப் பிள்ளையே. வளர்ந்ததும் உண்மையைச் சொல்லி, அந்தக் கடதாசியை அதன் கையிலேயே கொடுங்கள்.