'ஆல்மோஸ்ட்' எங்கே வர வேண்டும்?

போன மழைக்காலத்தில் என் மூன்று வயது மகனுக்கு இரண்டு நாளாய் விடாத காய்ச்சல். ஓசூரிலிருந்து பெங்களூர் 40 கிலோமீட்டர்தானே என்று, அங்கே ஒரு குழந்தை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் வடக்கத்திக்காரர். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. என் அரைகுறை இங்கிலீஷை நம்பித்தான் பேச்சு நடந்தது.

காய்ச்சல் மருந்து கொடுத்தாயா என்று கேட்டார். பாராசிட்டமால் சிரப் பாட்டில் ஏறக்குறையத் தீர்ந்திருந்தது. கடைசி வேளை கொடுத்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. 'ஏறக்குறைய முழு பாட்டிலும் கொடுத்துட்டேன்' என்று மனசுக்குள் தமிழில் நினைத்துக்கொண்டு, "ஐ ஆல்மோஸ்ட் கேவ் த ஃபுல் பாட்டில்" என்றேன்.

டாக்டர் தலையாட்டிவிட்டு, உடனே ஒரு வேளை காய்ச்சல் மருந்து கொடுக்கும்படி நர்ஸிடம் சொன்னார். நல்ல காலம், அந்த நர்ஸுக்குத் தமிழ் தெரியும்.

"அக்கா, மருந்தைக் குடுத்தீங்களா, இல்லே குடுக்கப் போயி நிறுத்திட்டீங்களா?"

"குடுத்துட்டேம்மா! வீட்டை விட்டுக் கிளம்பறப்பகூட குடுத்தேனே!"

அப்புறம்தான் குட்டு உடைந்தது. நான் சொன்னதற்கு, 'கொடுக்க இருந்தேன், ஆனால் கொடுக்கவில்லை' என்று பொருளாம். "ஐ கேவ் ஆல்மோஸ்ட் த ஃபுல் பாட்டில்" என்றிருக்க வேண்டும். ஒரே ஒரு சொல் ஓரிடம் தள்ளி உட்கார்ந்துவிட்டது. பாராசிட்டமால் அளவு மீறினால் ஈரலைப் பாதிக்கும் என்று டாக்டர் விளக்கியபோது எனக்கு வேர்த்து ஊற்றியது.

தப்பு எங்கே பிறக்கிறது?

1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு, ஓசூரில் எல்லா ஊர்க்காரர்களும் குடியேறிவிட்டோம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் தெலுங்கு, அடுத்த வீட்டில் கன்னடம், எதிர் வீட்டில் உருது. ஆனால் இங்கிலீஷில் நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரி தப்பு செய்கிறோம். ஏன் தெரியுமா? இந்த நாலு மொழியிலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும். 'மெதுவா சாப்பிடறான்', 'நேத்து வந்தேன்', 'தினமும் குடுக்கறேன்' என்று எப்படி, எப்போது என்பதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் வினைக்கு வருகிறோம். இப்படி வினையை விளக்கும் சொல்லுக்குத் தமிழில் வினையடை, இங்கிலீஷில் அட்வெர்ப். இங்கிலீஷில் எல்லா அட்வெர்பும் வினைக்கு முன்னால் வராது. சிலது முன்னால் வரும், சிலது பின்னால் வரும். அதை வகை பிரித்துக்கொண்டால் போதும், பாதிக் கஷ்டம் தீர்ந்தது.

முன்னால் வருபவை

ஆல்வேஸ், யூஷுவலி, ஆஃபன், நெவர் என்று 'எத்தனை தடவை' சொல்பவை வினைக்கு முன்னால் வரும்.

"ஹி ஆல்வேஸ் க்ரைஸ் அட் நைட்" – ராத்திரியில் எப்போதும் அழுகிறான்.
"ஷி நெவர் ட்ரிங்க்ஸ் மில்க்" – அவள் பால் குடிப்பதே இல்லை.

ஆனால் ஆம், இஸ், ஆர், வாஸ், வேர் வந்தால் அவற்றுக்குப் பின்னால்தான். "ஹி இஸ் ஆல்வேஸ் டயர்ட்."

ஹேவ், ஹேஸ், கேன், வில் போன்ற துணை வினை இருந்தால் இரண்டுக்கும் நடுவே நுழைக்க வேண்டும். "ஐ ஹேவ் ஆல்ரெடி கிவன் த மெடிசின்" – மருந்து ஏற்கெனவே கொடுத்துவிட்டேன். தாய்மார்களே, இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அன்று எனக்கு இது தெரிந்திருந்தால் அத்தனை கலவரமே இல்லை.

பின்னால் வருபவை

'எப்படி' என்று சொல்லும் ஸ்லோலி, வெல், ஃபாஸ்ட் எல்லாம் பெரும்பாலும் பின்னால். "ஹி ஈட்ஸ் ஸ்லோலி." எதைச் சாப்பிடுகிறான் என்றும் சொன்னால் அதற்கும் பிறகு. "ஹி ஈட்ஸ் ரைஸ் ஸ்லோலி." வினைக்கும் சாதத்துக்கும் நடுவே ஸ்லோலியைத் திணிக்காதீர்கள்.

எஸ்டர்டே, டெய்லி போன்ற காலச் சொற்களும் கடைசியில் நிற்கட்டும். "ஐ எஸ்டர்டே கேம்" என்பது நம்ம ஊர் வழக்கம். "ஐ கேம் எஸ்டர்டே" என்பதே சரி.

இடம் மாறினால் பொருள் மாறும்

ஆல்மோஸ்ட், ஒன்லி இரண்டும் பொல்லாதவை. எந்தச் சொல்லைக் குறிக்கிறதோ அதை ஒட்டியே வைக்க வேண்டும்.

"ஒன்லி ஐ கிவ் ஹிம் மில்க்" – நான் மட்டும்தான் அவனுக்குப் பால் கொடுக்கிறேன்.
"ஐ கிவ் ஹிம் ஒன்லி மில்க்" – அவனுக்குப் பால் மட்டும்தான் கொடுக்கிறேன்.

குழந்தை வேறென்ன சாப்பிடுகிறது என்று டாக்டர் கேட்கும்போது இந்த வித்தியாசம் எவ்வளவு முக்கியம் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஹார்ட், ஹார்ட்லி என்று ஒரு ஜோடி உண்டு. ஹார்ட்லி என்றால் 'அநேகமாக இல்லை' என்று பொருள். "மை சன் ஹார்ட்லி ஈட்ஸ்" என்றால் பையன் சாப்பிடுவதே அபூர்வம். ஷிஃப்ட் ஷிஃப்டாக ஃபேக்டரியில் உழைக்கும் உங்கள் வீட்டுக்காரரைப் பெருமையாகச் சொல்ல நினைத்து, "மை ஹஸ்பண்ட் ஹார்ட்லி வர்க்ஸ்" என்று சொல்லிவிடாதீர்கள். 'வேலையே செய்ய மாட்டார்' என்று ஆகிவிடும்! "மை ஹஸ்பண்ட் வர்க்ஸ் ஹார்ட்" என்று சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

கொஞ்சம் பயிற்சி

இவற்றை இங்கிலீஷில் சொல்லிப் பாருங்கள்:
1. அவள் எப்போதும் சீக்கிரம் எழுந்திருக்கிறாள்.
2. அவன் ஏற்கெனவே தூங்கிவிட்டான்.
3. அவள் நன்றாகப் பாடுகிறாள்.

விடை: 1. ஷி ஆல்வேஸ் கெட்ஸ் அப் எர்லி. 2. ஹி ஹேஸ் ஆல்ரெடி ஸ்லெப்ட். 3. ஷி சிங்ஸ் வெல்.

முதல் வாக்கியத்தைப் பாருங்கள். ஆல்வேஸ் முன்னால், எர்லி பின்னால். இரண்டு வகையும் அதிலேயே இருக்கிறது.

அன்று டாக்டர் கடைசியாகச் சொன்ன யோசனையையும் சொல்லிவிடுகிறேன். மருந்து விஷயத்தில் 'ஏறக்குறைய', 'கொஞ்சம்' எல்லாம் வேண்டாம். எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு என்று ஒரு சீட்டில் எழுதிவைத்து, பாட்டிலோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். எண்ணுக்கு இலக்கணம் தேவையில்லை.

இப்போது தினமும் சாயங்காலம் மகனோடு வாசல் படியில் உட்கார்ந்து நாலு வாக்கியம் பேசிப் பழகுகிறேன். எதிர் வீட்டம்மாவும் சேர்ந்துகொள்கிறார். தப்பு வந்தால் சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்கிறோம். நீங்களும் ஆரம்பியுங்கள், வெட்கம் எதற்கு?