முழங்கை முறிவு: ஆசிரியர் அறிய வேண்டியவை

நான் பணியாற்றும் தேர்வாய் கண்டிகை, ஆந்திர எல்லையை ஒட்டிய பகுதி. இங்கே பிள்ளைகளுக்குக் கை முறிந்தால், பெற்றோர் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது புத்தூர்க் கட்டுதான். முழங்கை முறிவுக்கு மட்டும் ஏன் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும் என்பதை அவர்களுக்கு எடுத்துச்சொல்ல நாம் அறிந்திருக்க வேண்டும்.

விழும் குழந்தை கையை நீட்டி ஊன்றும்போது, முழங்கைக்குச் சற்று மேலே மேற்கை எலும்பு மெலிந்திருக்கும் இடத்தில் முறிகிறது. 5 முதல் 7 வயதுக்குள் இது மிகுதி. அந்த இடத்தின் முன்புறமாகவே கைக்கான முதன்மை இரத்தக்குழாயும் நரம்புகளும் செல்கின்றன. வீக்கமோ இறுக்கமான கட்டோ இரத்த ஓட்டத்தைத் தடுத்தால், சில மணி நேரத்தில் முன்கைத் தசைகள் அழியத் தொடங்கும். விரல்கள் நிரந்தரமாக மடங்கிப் போகலாம். இதனை 1881இல் விளக்கியவர் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபோல்க்மன்.

பள்ளியில் செய்ய வேண்டியவை:

• கையை இழுக்கவோ நீவவோ கூடாது. இருக்கும் நிலையிலேயே அட்டை வைத்துத் துணியால் தளர்வாகத் தாங்குங்கள்.
• வளையல், கயிறு, மோதிரத்தை உடனே கழற்றுங்கள்.
• விரல்கள் வெளுத்தாலோ, சில்லிட்டாலோ, மரத்தாலோ, நீட்டும்போது கடுமையாக வலித்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.
• மயக்க மருந்து தேவைப்படலாம். உண்ணவோ பருகவோ எதுவும் கொடுக்காதீர்கள்.
• 108ஐ அழையுங்கள், பெற்றோருக்குத் தெரிவியுங்கள்.

கார்ட்லாண்ட் என்ற மருத்துவர் 1959இல் இம்முறிவை மூன்று வகையாகப் பிரித்தார். எலும்பு விலகாத முதல் வகைக்கு ஏறத்தாழ மூன்று வார மாவுக்கட்டு போதும். முழுதும் விலகிய மூன்றாம் வகைக்கும், இரண்டாம் வகையில் பலவற்றுக்கும் அறுவை அரங்கில் சிகிச்சை தேவை. பெரும்பாலும் தோலைக் கிழிப்பதில்லை. மயக்க மருந்து கொடுத்து, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி எலும்பை நேராக்கி, இரண்டு மூன்று மெல்லிய கம்பிகளைச் செலுத்துவார்கள். எலும்பு சேராவிட்டாலோ இரத்த ஓட்டம் திரும்பாவிட்டாலோதான் திறந்து செய்வார்கள். மூன்று நான்கு வாரங்களில் கம்பிகளை எடுத்துவிடுவார்கள்.

உரிய நேரத்தில் சிகிச்சை பெற்ற குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் கை பழையபடி இயங்கும். கட்டுப் பிரித்ததும் முழங்கை விறைப்பாக இருப்பது இயல்பு. அன்றாடப் பயன்பாட்டாலேயே சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில், அது தளரும். எண்ணெய் தேய்த்து நீவுவதும், வலிக்க வலிக்க நீட்டுவதும், வாளி தூக்கவைப்பதும் கூடாது. அவற்றால் தசைக்குள் எலும்பு படிந்து மூட்டு மேலும் இறுகலாம். நரம்பு பாதிப்பும் பெரும்பாலும் சில மாதங்களில் தானே சரியாகும். பெரியவர்களுக்கு மூட்டின் பரப்பே உடைவதுண்டு. அப்போது தகடும் திருகாணியும் பொருத்தினாலும் ஓரளவு விறைப்பு தங்கலாம்.

குழந்தை வகுப்புக்குத் திரும்பியதும் கட்டுள்ள கை இடிபடாத ஓரத்தில் அமர வையுங்கள். எழுதும் கை என்றால் வாய்மொழியாக மதிப்பிடுங்கள். மருத்துவர் சொல்லும்வரை விளையாட்டிலிருந்து விலக்களியுங்கள். "கையை நீட்டிக் காட்டு" என்று தினமும் சோதிக்க வேண்டாம். பந்தைப் பிடிக்கவும் பலகையில் எழுதவும் ஆசைப்பட்டு அந்தக் கை தானாகவே நீளும்.