கியர் இல்லையா? கால் இருக்கிறதே!



சைக்கிள் பந்தயம் என்றதும் நம்மில் பலர் சொல்லும் முதல் வார்த்தை, “கியர் சைக்கிள் இல்லையேப்பா!” என்பதுதான். நல்ல கியர் சைக்கிள் ஒன்றின் விலை, நம்மில் பல வீடுகளின் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். அதனால் பந்தயம் நமக்கில்லை என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் நம் வீட்டு வாசலில் நிற்கிற சாதாரண சைக்கிளுக்கென்றே நம் தமிழ்நாட்டில் ஒரு பந்தயம் உண்டு.

பேரறிஞர் அண்ணா பிறந்தநாளை (செப்டம்பர் 15) ஒட்டி, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் நடத்தும் மிதிவண்டிப் போட்டிதான் அது. 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் என மூன்று பிரிவுகள். 13 வயதுக்குள் மாணவர்களுக்கு 15 கி.மீ., மாணவிகளுக்கு 10 கி.மீ. மற்ற இரு பிரிவுகளிலும் மாணவர்களுக்கு 20, மாணவிகளுக்கு 15. முக்கியமான விதி என்ன தெரியுமா? இந்தியாவில் தயாரான சாதாரண மிதிவண்டியாக இருக்க வேண்டும். கியர் சைக்கிளுக்கு அங்கே இடமில்லை! பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுக்கிற சைக்கிளே போதும்.

கியர் இல்லாமல் ஓட்டுவது ஏழைக்கென்று விதித்ததும் அல்ல. உலகப் புகழ்பெற்ற பிரான்சு நாட்டு ‘டூர் டி பிரான்ஸ்’ பந்தயத்தில் கியர் மாற்றும் கருவியை 1937-இல்தான் அனுமதித்தார்கள். அதுவரை ஆல்ப்ஸ் மலை அடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, மறுபக்கத்துப் பல்சக்கரத்தில் மலையேறினார்கள். இன்றும் மேல்நாடுகளில் கியர் உள்ளவர்களே வேண்டுமென்று அதை ஒதுக்கிவிட்டு, ஒற்றைப் பல்சக்கரத்தோடு மலைப்பாதையில் பந்தயம் விடுகிறார்கள்.

சரி, அதற்குப் பயிற்சி எப்படி? முதலில் கொஞ்சம் கணக்கு. நாம் பாலிடெக்னிக் மாணவர்கள் ஆயிற்றே!

பல்லை எண்ணுங்கள்

ராஜபாளையம் நூற்பாலைகளுக்குப் பயிற்சிக்குப் போனவர்களுக்குத் தெரியும். ரிங் பிரேமில் நூலின் நம்பரை மாற்ற வேண்டுமானால், ஓடும்போது மாற்ற முடியாது. மெஷினை நிறுத்தி பினியனை மாற்ற வேண்டும். நம் சைக்கிளும் அப்படித்தான். கியரைத் தேர்வு செய்வது வீட்டிலேயே முடிந்துவிட வேண்டும்.

முன்னால் செயின் வீலில் 44 பல், பின்னால் பிரீவீலில் 18 பல் என்று வைத்துக்கொள்வோம். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் 2.44 சுற்று சுற்றும். 28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். ஆக ஒரு மிதிக்குச் சுமார் 5.4 மீட்டர் போகிறோம். மணிக்கு 25 கி.மீ. வேகம் வேண்டுமானால் நிமிடத்துக்கு 77 சுற்று மிதிக்க வேண்டும். பிரீவீல் 20 பல்லானால் 86 சுற்று. 22 பல்லானால் 95 சுற்று.

“அப்படியானால் 18 பல்லே நல்லதுதானே?” என்கிறீர்களா? சமதளத்தில் சரி. மேட்டில் என்ன ஆகிறது பாருங்கள்.

ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ. 100 மீட்டருக்கு 10 மீட்டர் ஏறும் மேட்டில் நம்மைப் பின்னுக்கு இழுக்கும் விசை 8 கிலோ. 18 பல்லில் இதைச் சமாளிக்க, பெடல்மீது சராசரியாக 41 கிலோ அழுத்தம் வேண்டும். பெடல் நேர் மேலும் நேர் கீழும் இருக்கும்போது நம்மால் ஏதும் செய்ய முடியாது. எனவே கிராங்க் படுத்திருக்கும் நேரத்தில் சராசரியைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல், அதாவது சுமார் 64 கிலோ மிதிக்க வேண்டும். உங்கள் எடையே 60 கிலோதான்! எழுந்து நின்று முழு உடம்பையும் போட்டாலும் போதாது. ஹேண்டில்பாரை மேல்நோக்கி இழுத்தால்தான் ஏறும். 22 பல்லானால் அதே இடத்தில் 53 கிலோ போதும்.

ஆகவே, சமதளப் பந்தயத்துக்கு 18, மலையடிவாரத்துக்கு 20 அல்லது 22. எதைப் போட்டாலும் ஒரு பக்கம் கஷ்டம் உண்டு. அந்தக் கஷ்டத்தைத் தாங்கக் காலைப் பழக்குவதுதான் பயிற்சி. கியர் சைக்கிள்காரருக்குக் கால் ஒரே வேகத்தில் சுற்றினால் போதும், மாறுவது கியர். நமக்கோ மாற வேண்டியது கால். மேட்டில் நிமிடத்துக்கு 40 சுற்று, இறக்கத்தில் 110 சுற்று, இரண்டுக்கும் கால் தயாராக இருக்க வேண்டும்.

வாரத்தில் நான்கு நாள்

நான் பின்பற்றும் முறையைச் சொல்கிறேன். நம் ஊர் அமைப்பே இதற்கு வசதி. மேற்கே மலை இருப்பதால், மலையை நோக்கிப் போகும் சாலைகள் மெல்ல மெல்ல ஏறும். ராஜபாளையத்துக்காரர்களுக்கு அய்யனார் கோவில் சாலை, ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குச் செண்பகத்தோப்புச் சாலை.

முதல் நாள், பலம். ஒரு மேட்டில் 2 நிமிடம் உட்கார்ந்தபடியே கனமாக மிதிக்க வேண்டும். இறங்கி வந்து ஓய்வு. இப்படி 5 தடவை. அடுத்த வாரங்களில் பாதி தடவை நின்று மிதியுங்கள்.

இரண்டாம் நாள், சுழற்சி. லேசான இறக்கத்தில் சீட்டில் குதிக்காமல் எவ்வளவு வேகமாகக் காலைச் சுற்ற முடியுமோ, 30 விநாடி. பத்து தடவை. (தெருநாய் துரத்தினால் இந்தப் பயிற்சி தானாகவே நடந்துவிடும்!)

மூன்றாம் நாள், காற்று. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 12 கி.மீ. ஆடி மாதத்தில் போகும்போது காற்று முதுகைத் தள்ளும். திரும்பும்போதுதான் தெரியும்! 20 கி.மீ. வேகத்தில் போகிற நமக்கு 15 கி.மீ. எதிர்காற்று சேர்ந்தால், காற்றின் தடை மூன்று மடங்காகிறது. சமதளத்துக்காரனுக்கு அதுதான் மலை. தேசிய நெடுஞ்சாலையில் லாரிகள் அதிகம், ஆகையால் விடிந்தபின், ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக மட்டும்.

நான்காம் நாள், நீண்ட தூரம். பேசிக்கொண்டே மிதிக்கும் வேகத்தில் 2 மணி நேரம்.

மற்ற மூன்று நாளும் ஓய்வு அல்லது கல்லூரிக்குப் போய்வருவது மட்டும். ஓய்வில்தான் தசை வலுப்பெறுகிறது. முதல் மாதம் முடியும்வரை முழு வேகம் வேண்டாம். முட்டியின் முன்பக்கம் வலித்தால், பெரும்பாலும் சீட் தாழ்வாக இருக்கும். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுதான் சரியான உயரம். வலி நிற்காவிட்டால் பயிற்சியை நிறுத்தி டாக்டரைப் பாருங்கள்.

உயிருக்கு உத்தரவாதம்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். நின்று மிதிக்கும்போது தேய்ந்த பிரீவீல் நழுவினால், மொத்த எடையோடு பார் மேல் விழுவோம். கிராங்கைப் பிடித்திருக்கும் காட்டர் பின்னும் மேடேறுகையில் தளரும். வாரம் ஒருமுறை இரண்டையும் பாருங்கள். செயினை நடுவில் தூக்கினால் 1 செ.மீ. அளவு ஆட வேண்டும். அதிகம் தொங்கினால் கழன்றுவிடும்.

பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் மலைப்பக்கம் போகவே வேண்டாம். இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் பாதிகூடப் பிடிக்காது. மழையில் இறக்கம் என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவது வெட்கமல்ல, புத்திசாலித்தனம். ஹெல்மெட் அவசியம்.

இன்னொன்று, நம் மலை வெறும் மலையல்ல. 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமானது. 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். யானைகள் நடமாடும் இடம். அனுமதியின்றிக் காட்டுக்குள் நுழையக் கூடாது. அதிகாலை இருட்டிலும் மாலை மயங்கிய பிறகும் அடிவாரத்தில் திரியக் கூடாது.

பந்தயத்தன்று காலை இட்லியும் வாழைப்பழமும் போதும். பால்கோவா? ஜெயித்த பிறகு!

நண்பர்களே, அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். மிதிமேல் மிதி வைத்தால் மேடும் நகரும். உங்கள் வீட்டில் 17 வயதுக்குட்பட்ட தம்பியோ தங்கையோ இருந்தால், இந்த ஆண்டு அந்தப் பழைய சைக்கிளுக்கு எண்ணெய் போட்டு, பிரீவீல் பல்லை எண்ணிச் சொல்லி, கூடவே ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். ‘நம்மிடம் இல்லை’ என்று ஒதுங்கி நின்ற ஒரு பிள்ளை, இருப்பதை வைத்தே பந்தயக் கோட்டில் போய் நிற்கும். அதுவே ஒரு வெற்றிதானே!